ஆடம்ஸ் என்ற பெயர் ஏணி அல்ல, சுமையே!

நடுவர் அவர்களே, இரண்டு அணிப் பேச்சாளர்களே, சனிக்கிழமை மாலையில் ஆயிரம் வேலை இருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, சுண்டல் எப்போது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே, வணக்கம். கையில் மணியோடு ஒருவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் வணக்கத்தில் சிக்கனம்.

அமெரிக்காவின் லண்டன் தூதராக இருந்த சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸுக்குக் குடும்பப் பெயர் ஏணியா, சுமையா? இதுதான் தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்குச் சுமை விழுந்தது. ஏணி விழுந்திருந்தால் அதையும் இதே குரலில் பேசியிருப்பேன், அதை மறைப்பானேன்? ஆனால் விழுந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். நல்ல வேளை, சுமை விழுந்தது.

ஆளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1807இல் பாஸ்டனில் பிறந்தவர். தாத்தா ஜான் ஆடம்ஸ், இந்த நாட்டின் இரண்டாவது ஜனாதிபதி. அப்பா ஜான் குவின்சி ஆடம்ஸ், ஆறாவது ஜனாதிபதி. நாம் தினமும் இடிபடுகிற அதே ரெட் லைன் ரயிலில் குவின்சி சென்டரில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் அவர்கள் வீடு. 1785இல் தாத்தா லண்டனில் தூதர். 1815இல் அப்பா லண்டனில் தூதர். 1861இல் இவர் லண்டனில் தூதர்.

எதிரணித் தலைவி அக்கா இதைப் பிடித்துக்கொண்டார். "மூன்று தலைமுறைக்கு ஒரே நாற்காலி என்றால் அது அரசாங்க நாற்காலி இல்லை, குடும்பச் சொத்து" என்றார். அதோடு விட்டாரா? மாமனார் பீட்டர் சார்டன் புரூக்ஸ் பாஸ்டனிலேயே பெரும் பணக்காரர் என்பதையும் எடுத்துப்போட்டு, "இதுவா சுமை? எனக்கு ஒரு நாள் கொடுங்கள், தூக்கிப் பார்க்கிறேன்" என்று கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

தாராளமாகத் தூக்குங்கள் அக்கா. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு வெள்ளை மாளிகைக்குள் போன மனிதருக்கு என்ன மரியாதை கிடைத்தது என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூக்குங்கள்.

1861 மார்ச் கடைசி. லிங்கன் பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏழு தென் மாநிலங்கள் பிரிந்து போய்விட்டன. நாடு உடைகிறது. அந்த நேரத்தில் லண்டன் தூதர் பதவி என்றால் சாதாரணமா? பிரிட்டன் தெற்கை ஒரு நாடாக ஏற்றுக்கொண்டால் வடக்கின் கதை முடிந்தது. அப்படிப்பட்ட பதவிக்கு இவரை நியமித்தாயிற்று. நன்றி சொல்லப் போகிறார். வெளியுறவுச் செயலர் சீவர்ட் அழைத்துக்கொண்டு போகிறார். இவருக்கு வயது 53. இதே மாளிகையில் அப்பா ஜனாதிபதியாக இருந்ததைப் பார்த்தவர். எப்படி நிற்க வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் இரத்தத்தில் ஊறியவர்.

கதவு திறக்கிறது. நெட்டையாக ஒரு மனிதர் வருகிறார். பழைய கறுப்பு உடை, முழங்காலில் தொளதொளவென்று தொங்கும் கால்சட்டை, காலில் வீட்டுச் செருப்பு. அவர்தான் ஆபிரகாம் லிங்கன். இவர் முறைப்படி, அளந்து, நன்றி சொல்கிறார். லிங்கன் சொன்ன பதில்: எனக்கு நன்றி சொல்ல வேண்டாம் மிஸ்டர் ஆடம்ஸ், நீங்கள் சீவர்டுடைய ஆள்.

அவ்வளவுதான். அப்புறம் சீவர்ட் பக்கம் திரும்பி, "அந்தச் சிகாகோ தபால் ஆபீஸ் நியமனத்தை இன்று காலையில் முடிவு பண்ணிவிட்டேன்" என்றார். பேட்டி முடிந்தது.

சிரித்துவிட்டீர்கள். ஆனால் நடந்ததை அவசரமாகச் சொல்லிவிட்டேன், இதை நின்று நிதானமாக அனுபவிக்க வேண்டும். இப்படி நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போகிறார்கள். பட்டு வேட்டி, பழத்தட்டு, பூ எல்லாம் உண்டு. மாப்பிள்ளையின் தாத்தா ஜமீன், அப்பா ஜமீன். மாப்பிள்ளை எழுந்து நின்று, "உங்கள் குடும்பத்தோடு சம்பந்தம் செய்வதில் எங்களுக்குப் பெருமை" என்கிறார். பெண்ணின் அப்பா லுங்கியோடு வருகிறார். "என்னிடம் ஏன் தம்பி சொல்கிறாய்? தரகர் சொன்னார், வரச் சொன்னேன்" என்கிறார். சொல்லிவிட்டுத் தரகர் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, அந்தக் கறவை மாடு விஷயம் காலையில் முடிந்துவிட்டது" என்கிறார். மாப்பிள்ளை அந்தத் தட்டை எங்கே வைப்பார்?

நடுவரே சிரித்துவிட்டார். பாதித் தீர்ப்பு வந்தாயிற்று.

இன்னும் இருக்கிறது. லிங்கன் இடத்திலிருந்தும் கொஞ்சம் பார்ப்போம். வெள்ளை மாளிகை மாடிப்படி முழுக்க வேலை கேட்டு வந்தவர்கள். சிகாகோ அவருடைய சொந்த மாநிலத்து ஊர். அங்கே தபால் ஆபீஸ் யாருக்கு என்பதில்தான் அடுத்த தேர்தலே இருக்கிறது. லண்டனுக்கு அவர் மனத்தில் இருந்தவர் வில்லியம் டேட்டன் என்ற நியூ ஜெர்சிக்காரர். சீவர்ட் பிடிவாதம் பிடித்ததால் டேட்டன் பாரிஸுக்குப் போனார், ஆடம்ஸ் லண்டனுக்குப் போனார். இரண்டு ஜனாதிபதிகளின் பெயர் ஒரு பக்கம், ஒரு தபால் ஆபீஸ் ஒரு பக்கம். தராசு எந்தப் பக்கம் இறங்கியது?

இந்தக் கதையை எழுதி வைத்தவர் ஆடம்ஸின் சொந்த மகன். தன் அப்பா அந்த அதிர்ச்சியிலிருந்து கடைசிவரை முழுதாக மீளவில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். லிங்கன் செத்து, போர் முடிந்து, பேரப் பிள்ளைகள் பிறந்த பிறகும் அந்தத் தபால் ஆபீஸ் அவர் மனத்தை விட்டுப் போகவில்லை. ஏணியில் ஏறுகிறவனுக்கு இப்படிக் கால் வழுக்குமா அக்கா?

இன்னொரு தடவை சொல்லவா? நடுவர் வேண்டாம் என்கிறார். சரி.

இப்போது எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் தம்பியிடம் வருகிறேன். நல்ல தம்பி. நல்ல குரல். ஆனால் ஒன்று சொன்னார் பாருங்கள், அதைக் கேட்டதிலிருந்து நான் தயார் பண்ணி வந்த குறிப்பையே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

தம்பி சொன்னது இது: "ஏப்ரல் 12ஆம் தேதி சம்டர் கோட்டை மேல் பீரங்கி வெடித்துவிட்டது. உள்நாட்டுப் போர் தொடங்கிவிட்டது. லண்டனுக்குத் தலைதெறிக்க ஓட வேண்டிய தூதர் என்ன செய்தார்? மூத்த மகனுக்குக் கல்யாணம் என்று பாஸ்டனில் உட்கார்ந்துவிட்டார். ஏப்ரல் 29 கல்யாணம். மே 1 கப்பல். மே 13 லிவர்பூலில் இறங்குகிறார். அதே நாளில் விக்டோரியா ராணி நடுநிலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போடுகிறார். தெற்கும் போரிடும் ஒரு தரப்பு என்று பிரிட்டன் ஏற்றுக்கொண்டுவிட்டது. பந்தியில் பாயசம் வரும்வரை காத்திருந்தார், நாட்டுக்கு மோர்கூடக் கிடைக்கவில்லை. பெரிய வீட்டுப் பிள்ளை, கேட்க யார் இருக்கிறார்கள்? நாமெல்லாம் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டாலே மேனேஜர் முகம் போகிற போக்கு நமக்குத் தெரியாதா?"

அரங்கம் அதிர்ந்தது. என் அணிக்காரர்களே கைதட்டினார்கள். நானும் மேஜைக்குக் கீழே தட்டினேன்.

தம்பி சொன்ன தேதிகள் எல்லாம் சரி. ஒன்றிலும் தவறு இல்லை. ஆனால் தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன். ஆகவில்லைதானே? தெரிகிறது. ஆகியிருந்தால் பெற்ற மகன் கல்யாணத்துக்கு அப்பன் இல்லாமல் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும். பிரிட்டன் தெற்கை அங்கீகரிக்கிறதோ இல்லையோ, வீட்டம்மா இவரை அங்கீகரிக்க மாட்டார்.

சரி, விளையாட்டு போகட்டும், கணக்குப் பார்ப்போம். தெற்கைப் போரிடும் தரப்பாக நடத்தப் போகிறோம் என்று வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸல் பிரபு நாடாளுமன்றத்திலேயே சொன்னது மே 6ஆம் தேதி. அப்போது கடலைத் தாண்ட ஏறக்குறைய இரண்டு வாரம். சம்டர் செய்தி கேட்ட அன்றைக்கே மூட்டை கட்டியிருந்தாலும் லண்டனில் இறங்கி, தொப்பியைக் கழற்றி மாட்டி, "ஐயா வணக்கம்" சொல்லத்தான் நேரம் இருந்திருக்கும். அதற்குள் பிரிட்டன் மந்திரிசபை மனத்தை மாற்றியிருப்பாராம். தம்பி, உங்கள் அபார்ட்மென்ட் சங்கத்தில் பார்க்கிங் இடத்தை மாற்ற எத்தனை மாதம் ஆயிற்று?

இன்னொன்றையும் யோசியுங்கள். ஒருவேளை அவர் சீக்கிரமே போய்ச் சாமர்த்தியமாகப் பேசி அந்தப் பிரகடனத்தைத் தள்ளிவைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். எதுவரை தள்ளுவார்? ஜூலைவரை? ஜூலை 21இல் புல் ரன் என்ற இடத்தில் வடக்குப் படை தோற்று, வாஷிங்டனை நோக்கித் திரும்பி ஓடிவந்தது. அந்தத் தோல்விச் செய்தி லண்டனுக்குப் போன பிறகு ரஸ்ஸல் பிரபு உட்கார்ந்து முடிவெடுத்திருந்தால், போரிடும் தரப்பு என்பதோடு நின்றிருப்பாரா? தனி நாடு என்றே எழுதிக் கொடுத்திருப்பார்! பாதி அங்கீகாரம் முந்தி வந்ததால்தான் முழு அங்கீகாரம் வராமல் போயிற்று. ஆகவே அந்தக் கல்யாணம் அமெரிக்காவைக் காப்பாற்றியது என்று நான் சொல்வேன். தம்பி முகத்தைப் பாருங்கள். கொஞ்சம் அதிகப்படிதான், தெரிகிறது. ஆனாலும் சொல்வேன்.

அப்புறம் பாயசம் சாப்பிட்டவர் லண்டனில் என்ன சாப்பிட்டார் என்று தம்பி சொல்லவே இல்லை. நான் சொல்கிறேன்.

அங்கே பிரதமர் பாமர்ஸ்டன் பிரபு. 1812இல் அமெரிக்காவும் பிரிட்டனும் போரிட்டபோதே அவர் பிரிட்டனின் போர்த்துறைச் செயலர். அந்தப் போரை முடித்து 1814 டிசம்பரில், இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கென்ட் நகரத்தில் ஒப்பந்தம் போட்டவர்களுள் ஒருவர் நம் ஆளின் அப்பா. அதற்கும் முந்திய சண்டையில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரையே வேண்டாம் என்று சொன்னவர் தாத்தா. இந்தப் பரம்பரைப் பெயரை வைத்துக்கொண்டு பாமர்ஸ்டன் வீட்டு விருந்துக்குப் போக வேண்டும். அக்கா, இதற்குப் பெயர் ஏணியா?

போய்ச் சேர்ந்து ஆறு மாதம். நவம்பரில் யார்க்ஷயரில் ஒரு நண்பர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போயிருக்கிறார். அங்கே தந்தி வருகிறது. அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று பிரிட்டனின் 'டிரென்ட்' தபால் கப்பலை நடுக்கடலில் நிறுத்தி, தெற்கின் தூதர்கள் மேசன், ஸ்லைடல் இருவரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பிரிட்டன் கொந்தளிக்கிறது. கனடாவுக்குப் படை கிளம்புகிறது. இவருக்கோ தன் அரசாங்கம் என்ன நினைக்கிறது என்றே தெரியாது. கடலடித் தந்தி 1858இல் போட்டுச் சில வாரத்திலேயே பழுதாகிப் போனது, மறுபடி ஒழுங்காக வேலை செய்தது 1866இல்தான். கடிதம் போக இரண்டு வாரம், வர இரண்டு வாரம். நடுவில் ஊரே முறைக்கும்போது முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தார். டிசம்பர் கடைசியில் லிங்கன் அரசு இருவரையும் விடுவித்த பிறகுதான் மூச்சு வந்தது.

அடுத்தது 'அலபாமா'. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பெர்க்கன்ஹெட்டில் லேர்ட் கம்பெனி கட்டிய கப்பல். சரக்குக் கப்பல் என்று சொன்னார்கள். தெற்குக்காகக் கட்டும் போர்க்கப்பல் என்று ஊருக்கே தெரியும். லிவர்பூலில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதர் டட்லி சாட்சி சாட்சியாகச் சேர்த்துக் கொடுக்கிறார், ஆடம்ஸ் அதையெல்லாம் ரஸ்ஸலிடம் அனுப்புகிறார். ரஸ்ஸல் சட்ட ஆலோசகருக்கு அனுப்புகிறார். அந்த ஆலோசகர் சர் ஜான் ஹார்டிங்குக்கோ அந்த நேரம் பாவம், புத்தி பேதலித்துவிட்டது. காகிதக் கட்டு அவர் வீட்டிலேயே ஐந்து நாள் கிடந்தது. யாரும் கேட்கவில்லை. கடைசியில் கட்டை மீட்டு, வேறு வக்கீல்கள் படித்து, "கப்பலை நிறுத்துங்கள்" என்று எழுதிய நாள் 1862 ஜூலை 29. அன்று காலையிலேயே கப்பல் சோதனை ஓட்டம் என்று சொல்லி, விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது. போகிற வழியில் விருந்தாளிகளை ஒரு இழுவைப் படகில் இறக்கித் திருப்பி அனுப்பிவிட்டுக் கடலோடு போயே போய்விட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்களை அழித்தது, பிடித்தது.

இந்த மனிதர் அப்போது கத்தினாரா? மேஜையைக் குத்தினாரா? இல்லை. பேனாவை எடுத்தார். தேதி போட்டு எழுதினார். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கடிதம், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நகல். அந்தக் காகிதக் கட்டுதான் 1872இல் ஜெனீவாவில் பேசியது. அமெரிக்கா சார்பில் அந்த நடுவர் மன்றத்தில் உட்கார்ந்தவரும் இவரேதான். பிரிட்டன் 1 கோடியே 55 லட்சம் டாலர் தங்கமாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. பிரிட்டன் தரப்பு நடுவர் காக்பர்ன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. நம் நடுவர் அவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று நம்புகிறேன்.

நடுவில் பாமர்ஸ்டன் ஒரு காரியம் செய்தார். நியூ ஆர்லியன்ஸைப் பிடித்த வடக்குத் தளபதி பட்லர் அந்த ஊர்ப் பெண்களைப் பற்றி ஒரு கேவலமான உத்தரவு போட்டார். அதைக் கேட்ட பாமர்ஸ்டன் கொதித்துப்போய் ஆடம்ஸுக்கு நேரடியாக ஒரு கடுங்கடிதம் எழுதிவிட்டார். அந்தக் காலத்தில் பிரதமர் தூதருக்கு அப்படி எழுதும் வழக்கமே இல்லை. நம் ஆள் திருப்பித் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதினார்: இந்தக் கடிதம் பிரதமர் எழுதியதா, பாமர்ஸ்டன் என்ற தனி மனிதர் எழுதியதா? கிழவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார். ஆடம்ஸ் குடும்பம் அதோடு பாமர்ஸ்டன் சீமாட்டி வீட்டு மாலை விருந்துகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டது. லண்டனில் அந்த விருந்துக்குப் போகாமல் இருப்பது என்பது ஒரு தூதருக்கு ஊர்விலக்கு மாதிரி. பரவாயில்லை என்றார்.

இதே நேரத்தில் அமெரிக்கப் பஞ்சு வராமல் லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடக்கின்றன. பஞ்சு விலை ஏறி, நம் திருநெல்வேலிச் சீமைப் பஞ்சுக்குக்கூட அப்போது யோகம் அடித்து, தூத்துக்குடியில் பொதி பொதியாய் ஏறியது. ஆனால் வேலை போன மான்செஸ்டர் தொழிலாளர்கள் 1862இன் கடைசி நாளில் கூட்டம் போட்டு, அடிமை முறையை ஒழிக்கும் லிங்கன் பக்கமே நாங்கள் என்று எழுதினார்கள். வயிறு காய்ந்தவர்கள் எழுதியது அது. ஆடம்ஸுக்கு லண்டனில் கிடைத்த நல்ல சேதிகளில் முதல் சேதி அதுவாகத்தான் இருக்க வேண்டும், பிரபுக்கள் யாரும் கொடுத்தது இல்லை.

1863 செப்டம்பர் 5இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தைப் பற்றியும் தம்பி கிண்டல் செய்தார். லேர்ட் கம்பெனி தெற்குக்காகக் கட்டிய இரண்டு இரும்புக் கப்பல்களை வெளியே விட்டால் அது போர்தான் என்று உங்களுக்குச் சுட்டிக்காட்டத் தேவையில்லை என எழுதினார் அல்லவா, அந்தக் கடிதம். "ரஸ்ஸல் இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லிவிட்டார், இவர் திறந்த கதவைத் தட்டினார்" என்றார் தம்பி. சரி, அது உண்மை. இரண்டு வருடமாகத் தட்டிக்கொண்டே இருந்ததால்தான் கதவு திறந்தது என்பதும் உண்மை. கப்பல் போகவில்லை. பிரிட்டனே விலைக்கு வாங்கித் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டது. எனக்கு அது போதும்.

ஏணி என்கிறார்களே, இன்னொன்று கேளுங்கள். 1872இல் சின்சினாட்டியில் நடந்த லிபரல் ரிபப்ளிக்கன் கட்சி மாநாட்டில் இவரை ஜனாதிபதி வேட்பாளராக்கப் பலர் முயன்றார்கள். இவர் என்ன செய்தார்? என் பெயரை வைத்துப் பேரம் பேசுவதாக இருந்தால் என்னைத் தயவுசெய்து அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே இழுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஆறாவது சுற்று வாக்கெடுப்பில் பத்திரிகைக்காரர் ஹொரஸ் கிரீலி ஜெயித்தார். உச்சிப் படியில் கால் வைக்கச் சொன்னால் ஏணியைவிட்டு இறங்கி நடக்கிற மனிதரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மணிக்காரர் கையை எடுத்துவிட்டார். ஐயா, இரண்டே நிமிடம். அந்தக் கல்யாணத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் அதை நாம் எல்லோரும் சிரித்தபடி கடந்துவிட்டோம்.

1809. ஜான் குவின்சி ஆடம்ஸை ரஷ்யத் தூதராக அனுப்புகிறார்கள். மூன்று ஆண் பிள்ளைகள். ஜார்ஜுக்கு எட்டு வயது, ஜானுக்கு ஆறு. கடைக்குட்டி நம் சார்லஸ், இரண்டு முடியவில்லை. பெரியவர்கள் இருவரும் படிப்புக்காக இங்கே, குவின்சியிலேயே இருக்கட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள். பெற்ற தாய் லூயிசாவைக் கேட்கவே இல்லை. முடிவான பிறகு சொன்னார்கள். கைக்குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினாள். அந்த இரண்டு பிள்ளைகளை அவள் மறுபடி பார்த்தது ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து. நடுவில் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஒரு வயது தாண்டிய கொஞ்ச நாளில் செத்துப்போனது, அந்த உறைந்த மண்ணிலேயே புதைத்துவிட்டு வந்தாள்.

அப்பா ஒப்பந்தம் பேச முன்னால் போய்விட்டார். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பாரிஸுக்கு வா என்று கடிதம் எழுதினார். 1815 பிப்ரவரி 12, அவளுடைய நாற்பதாவது பிறந்தநாள். ஏழு வயது சார்லஸை வண்டியில் ஏற்றிக்கொண்டு நடுப் பனிக்காலத்தில் கிளம்பினாள். சாப்பாடு உறைந்துபோனது. பனிக்கட்டி ஆற்றைத் தாண்ட, ஆட்கள் முன்னால் போய்க் கம்பால் தட்டித் தட்டிப் பார்க்க, பின்னால் குதிரை போனது. நாற்பது நாள். பிரான்ஸுக்குள் வந்தால் நெப்போலியன் நாடுகடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து திரும்பிவிட்டான், வழியெல்லாம் அவன் படை. ரஷ்ய வண்டியைப் பார்த்ததும், இழுத்துப் போடு, கொல்லு என்று கூட்டம் சூழ்ந்துகொண்டது. துப்பாக்கியை நீட்டினார்கள். அந்தத் தாய் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பிரெஞ்சில் பேசி, கைக்குட்டையை ஆட்டி, நெப்போலியன் வாழ்க என்று கத்தித் தப்பினாள். பிள்ளை பளிங்குச் சிலை மாதிரி அசையாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்று அவளே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளை. ஊரே முறைக்கும்போது முகம் மாறாமல் உட்கார அவன் எங்கே கற்றுக்கொண்டான் என்று இப்போது சொல்லுங்கள்.

லண்டனில் மூன்று அண்ணன் தம்பிகளும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. அப்பாவுக்குப் பெயர்தான் பெரிது. பெரியவர்கள் ஹார்வர்டில் படித்தபோது, வகுப்பில் முன்வரிசைக்கு வராவிட்டால் கிறிஸ்துமஸுக்கு வீட்டுப் பக்கம் வராதே, உன்னைப் பார்த்தால் எனக்குத் துக்கமும் வெட்கமும்தான் வரும் என்று ஜானுக்கு எழுதினார். இங்கே சில அப்பாக்கள் தலையைக் குனிகிறீர்கள். நான் யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை.

ஜார்ஜ் 1829 ஏப்ரலில், பெற்றோரைப் பார்க்க வரும் வழியில், நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தான். 28 வயது. குடியும் மனச்சோர்வும் அவனை ஏற்கெனவே தின்றிருந்தன. ஜான் 1834இல் போனான், 31 வயது. ஜார்ஜ் இறந்து நாலு மாதம் கழித்துத்தான் சார்லஸுக்குக் கல்யாணம். அந்த வீட்டில் பிள்ளை என்று மிஞ்சியது அந்த ஒருவர்தான். அதற்குப் பிறகு தாத்தாவின் எழுத்துகளைப் பத்துத் தொகுதிகளாகப் பதிப்பித்தார். அப்பாவின் நாட்குறிப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். பாட்டியின் கடிதங்களைப் பதிப்பித்தார். அப்பா உயிலில் கேட்டபடி நெருப்புப் பிடிக்காத கல் நூலகத்தை 1870இல் குவின்சியில் கட்டினார். போய்ப் பாருங்கள், இன்றும் இருக்கிறது. மூன்று பேர் தூக்க வேண்டியதை ஒருவர் தூக்கியிருக்கிறார்.

அந்த மனிதர்தான் 1861இல் மூத்த மகன் கல்யாணத்துக்கு இருந்துவிட்டுக் கப்பல் ஏறினார். அந்த மகனுக்கு வைத்திருந்த பெயரும் ஜான் குவின்சி ஆடம்ஸ்தான்.

மணி அடித்துவிட்டது. இறங்குகிறேன். நடுவர் அவர்களே, நாட்டு வேலை என்று சொல்லிப் பிள்ளைகளை விட்டுப்போன வீட்டில் பிறந்த ஒருவர், தன் பிள்ளையின் கல்யாணத்தில் நின்றது குற்றம் என்று தீர்ப்பு எழுத உங்களுக்கு மனம் வந்தால் எழுதுங்கள். மேல்முறையீட்டுக்கு நான் அந்த லூயிசா அம்மாவைத்தான் கூப்பிடுவேன். வணக்கம்.